மனப்பாடமான பலகை

காய்ச்சல் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. போகிற போக்கில் கண்ணாடிக்காரரின் வலது அக்குளில் ஒரு கட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது என்றாள் மகள். நெல்லிக்காய்தான் என்று சாதித்தார் அவர். பழத்தின் பெயரைச் சொல்லித்தான் இருவரும் சண்டை போட்டார்களே தவிர, மனதில் இருந்ததை இருவருமே வெளியே எடுக்கவில்லை. போன வருஷம் அவர் மனைவிக்கும் இப்படி ஒரு கட்டியில்தான் தொடங்கியது. கழுத்தில். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இன்று அந்தக் கட்டியை டாக்டரிடம் காட்டுகிற நாள்.

மகளுக்குத் தெரியாத சங்கதிகள் இரண்டு அந்த வீட்டில் இருந்தன.

முதலாவது, அவருடைய வலது கண். கண்ணாடிக் கடையில் எதிரே ஒருவரை உட்காரவைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஃப்ரேமில் லென்ஸின் நடுப்புள்ளியைக் குறிக்கப் போனபோது அந்த ஆளின் மூக்கைக் காணவில்லை. காது இருந்தது, தலைமுடி இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. நடுவில் யாரோ ஈர விரலால் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் நிறம். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு லென்ஸைத் துடைத்தார். பிறகு, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார்" என்று அந்த ஆளையே நகர்த்திப் பார்த்தார். மூக்கு வரவில்லை. அன்றிலிருந்து இடது கண்ணாலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சங்கதி இந்த நிமிஷம் அவருடைய கைவழியாக ஏறித் தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இறங்கு. ஏய், இறங்குன்னா இறங்கு. புதுச் சட்டை."

பூனைக்குட்டி இறங்கவில்லை. அதற்கு அவருடைய வலது கை ஒரு ஏணி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அது ஏறிய தடமெல்லாம் சிவப்பும் பழுப்புமாகக் கோடு கோடாக இருந்தது. அதனால்தான் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

வாசலில் வேன் வந்து நின்றது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றாமலே தலையை நீட்டினார்.

"மாமா, கிளம்பலாமா? உங்க பொண்ணு டிப்போவுல அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றா. நாம லேட்டா போனோம், பஸ்ஸை ரிவர்ஸ்ல விட்டு நம்மள ஏத்திடுவா."

மகள் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அதே கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டாள்.

"ரெண்டே நிமிஷம் மாப்பிள்ளை. இதை உள்ள விட்டுட்டு வந்துடறேன்."

"என்ன சொல்றாங்க சின்ன அத்தை?"

மாப்பிள்ளை அந்தக் குட்டிக்கு வைத்த பெயர் அது. முதல் தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமியார் இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஆனால் குட்டி அப்போது மாமியாரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு ஆண்களையும் அவர் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். மனைவி போன பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு. அதைக் கண்ட மாப்பிள்ளை, தன் மனைவியிடம் இந்த விஷயத்தை மூச்சுவிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

ஏனென்றால் அந்த வீட்டில் பூனை கூடாது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பூனை மயிர் பட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இப்போது கல்யாணமாகித் தனி வீடு போய்விட்டாள் என்றாலும் சட்டம் சட்டம்தான். போதாக்குறைக்கு அவளிடம் ஒரு பழைய மிரட்டலும் தயாராக இருந்தது: "உடம்புக்கு ஏதாவது வந்துச்சு, இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உங்களை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்." கட்டி வந்த நாளிலிருந்து அவள் அவருக்கென்று ஒரு அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள் என்று மாப்பிள்ளை துப்புக் கொடுத்திருந்தார். கண்ணும் போய்விட்டது என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். வீடு போகும். குட்டி தெருவுக்குப் போகும்.

கண்ணாடிக்காரர் குட்டியைத் தோளிலிருந்து பிய்த்தெடுத்துப் பின்னறையில் விட்டார். சந்துப் பக்கத்து ஜன்னலை இழுத்துக் கொக்கியை மாட்டினார். மாட்டியதாகத்தான் நினைத்தார்.

*

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொல்லாமல், கையை உள்ளே விட்டுக் கட்டியை அழுத்திப் பார்த்த சர்ஜன் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எடை குறைஞ்சிருக்கா?"

"சமையல் என்னோடது. குறையத்தான் செய்யும்."

சர்ஜன் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் இதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்றதுக்கில்ல."

மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் போன வருஷமே இதே மாதிரி ஓர் அறையில் கேட்டு முடித்திருந்தாள். வெளியே வந்து நீண்ட பெஞ்சில் உட்கார்ந்து, ஷாலின் நுனியைத் திரியாகத் திரிக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்காரருக்கு அந்தத் திரி தெரியும். மனைவி படுத்திருந்த வார்டுக்கு வெளியே இவள் திரித்துத் திரித்தே ஒரு ஷாலைக் கிழித்திருக்கிறாள்.

அவருக்குள் பயம் இல்லை. அதுதான் விசித்திரம். இரவெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டார். அதே நோய்தான் என்றால் அதே பாதைதான். மனைவி கொஞ்சம் முன்னால் போயிருக்கிறாள், அவ்வளவுதானே. கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் இரண்டடி முன்னால் நடந்து, தெருமுனையில் நின்று, "சீக்கிரம் வாங்க" என்று திரும்பிப் பார்ப்பாள். இந்த எண்ணம் வந்த பிறகு அவருக்கு நன்றாகத் தூக்கம்கூட வந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருத்தி இப்போது இல்லை.

"தண்ணி குடிங்க மாமா." மாப்பிள்ளை டம்ளரை நீட்டினார்.

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். விரல்கள் டம்ளருக்கு இந்தப் பக்கமே மூடிக்கொண்டு, காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தன.

மாப்பிள்ளை சட்டென்று டம்ளரை அவர் விரல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் ஷால் திரிப்பது நின்றுவிட்டது.

"அப்பா, கண்ணுல என்ன?"

"என்ன? ஒண்ணுமில்லையே."

"டம்ளர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியல."

"கை நடுங்குச்சு. பட்டினி."

"எழுந்திருங்க. மேல்மாடியில கண் டாக்டர் இருக்காங்க."

"கண்ணைப் பத்தி எனக்கே பாடமா? ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். எழுந்திருங்கப்பா."

டிப்போவில் டிரைவர்கள் அவளிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. ஏன் என்று அவருக்குப் புரிந்தது.

*

இருட்டறை. எதிர்ச் சுவரில், வெளிச்சம் போட்ட பலகை. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குப் பாதிக் கவலை போய்விட்டது. அவர் கடையில் தொங்குவதும் இதே பலகைதான். மேலே தனியாக ஒரு பெரிய ட. அதற்குக் கீழே ப, ர. அதற்கும் கீழே ம, ய, க. கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். எத்தனையோ வருஷமாக அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எதிரே உட்கார்ந்தவர் சரியாகப் படிக்கிறாரா என்று காதாலேயே கேட்டுச் சொல்லுகிறவர் அவர்.

அந்தப் பலகையில்தான் மகளும் எழுத்துப் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு அம்மா அழைத்துப் போக வரும்வரை கடையில் உட்காரவைக்க வேறு வழியில்லை. ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். முதல் வகுப்பில் டீச்சர், "முதல் எழுத்து என்ன?" என்று கேட்டபோது குழந்தை எழுந்து நின்று, "ட" என்றாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மனைவிதான் போய்விட்டு வந்தாள். வந்து, "ஊர்ல எல்லாருக்கும் அ-வில ஆரம்பிக்குது. என் குழந்தைக்கு மட்டும் ட-வில ஆரம்பிக்குது. என்ன மனுஷன்யா நீங்க" என்று திட்டிவிட்டு, திட்டி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

பரிசோதிக்கிற பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போலிருந்தது. "வலது கண்ணை மூடிக்கங்க சார்."

இடது கண்ணால் கடைசி வரி வரை படித்தார்.

"இப்ப இடது கண்ணை மூடிக்கங்க."

மூடினார். பலகை போய்விட்டது. ஓரத்தில் சுவரின் விளிம்பு, கதவின் கைப்பிடி, மேலே டியூப்லைட். நடுவில் சாம்பல்.

"தெரியறதைச் சொல்லுங்க சார்."

"ட. ப, ர. ம, ய, க. ட, ப, ம, ர..."

தடுமாறாமல் இறங்கினார். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது குரல் லேசாக ஏறி இறங்கியது. கடைசி வரியைச் சொல்லி முடித்து, நல்ல பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சூப்பர் சார்! இந்த வயசுல இப்படி ஒரு பார்வை நான் பார்த்ததே இல்ல."

பின்னால் இருட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா. நீங்க படிக்கல."

அவர் திரும்பவில்லை.

"பாடறீங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ராகம்." அவள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "வேற பலகை இருக்காம்மா?"

"படம் போட்டது இருக்கு மேடம். அது சின்னப் பிள்ளைங்களுக்கு."

"அதையே போடும்மா."

சுவிட்ச் சத்தம் கேட்டது. சாம்பல் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"சார்? முதல் படம். பெரிசா இருக்கிறது."

"வீடு," என்றார். குருட்டாம்போக்கில் அடித்த அடி.

பிறகு அந்தப் பெண் மெதுவாக, "குடை சார்," என்றாள்.

*

கண் டாக்டர் நிதானமான பெண்மணி. இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்து, கண்மணி விரிந்த பிறகு ஒரு கூரான வெளிச்சத்தை உள்ளே செலுத்தி, நெடுநேரம் பார்த்தார். படம் எடுத்தார். திரையைத் திருப்பிக் காட்டியபோது கண்ணாடிக்காரருக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. மகளும் மருமகனும்தான் பார்த்தார்கள்.

"இது கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு. வீங்கியிருக்கு. இங்க பாருங்க, நடுவுல. கோடு கோடா கிளம்பி... எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"நட்சத்திரம் மாதிரி," என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்." டாக்டர் நாற்காலியைக் கண்ணாடிக்காரர் பக்கம் நகர்த்தினார். "காய்ச்சல் இருந்துச்சு, அக்குள்ல கட்டி, அதுக்கப்புறம் கண்ணு. இந்த வரிசையா?"

"ஆமாங்க."

"வீட்டுல பூனை இருக்கா?"

கேள்வி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். எனக்கு வீசிங். எங்க வீட்டுல பூனையே வச்சுக்கிட்டது கிடையாது."

மாப்பிள்ளை தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு மின்விசிறியில் என்ன அக்கறை என்று கேட்க யாரும் இல்லை.

"பக்கத்து வீட்டுல? கடையில? குட்டிப் பூனை ஏதாவது கீறிச்சா?"

"சான்ஸே இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்படின்னா வேற காரணம் தேடணும். கட்டியை எடுத்துப் பார்க்கிறதை முன்னாடியே வச்சுக்கச் சொல்றேன். தலைக்கும் ஒரு ஸ்கேன்."

ஸ்கேன் என்ற சொல்லில் மகளின் கை ஷாலைத் தேடிப்போனது. விரிந்த கண்மணிக்கு வெளிச்சம் கூசியது. அவள் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மடியில் அந்த விரல்களின் அசைவு தெரிந்தது. திரி. இன்னும் ஒரு வாரம் இவள் இதைத் திரிப்பாள். அறுத்து, அனுப்பி, முடிவு வருகிறவரை திரிப்பாள். டிப்போவில் பஸ் போகும், வரும், இவள் திரித்துக்கொண்டிருப்பாள். அவருக்கு அந்தப் பாதை ஆறுதலாக இருக்கலாம். அந்தப் பெஞ்சில் மறுபடியும் உட்காரப் போகிறவள் இவள்.

மனைவியே தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்து, "என்ன மனுஷன்யா நீங்க" என்று கேட்ட மாதிரி இருந்தது.

"இருக்கு டாக்டர்," என்றார்.

சட்டையின் வலது கைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. மாப்பிள்ளை குனிந்து உதவினார். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளியதும் டாக்டர் அந்தக் கோடுகளைப் பார்த்து, "அட" என்றார்.

மகள் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

*

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பூனைக்குட்டியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியின் வழியாக அதன் நகத்துக்கு ஒரு கிருமி வரும். குட்டிக்கு ஒன்றும் செய்யாது. கீறினால் நமக்குள் வரும். பெரும்பாலும் கொஞ்சம் காய்ச்சல், ஒரு கட்டி, அதுவும் தானே வடிந்துவிடும். ஆனால் யாரோ சிலருக்கு, கல்லு மாதிரி ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கும்கூட, அது வழி தவறி எங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும். கல்லீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும். இவருக்குக் கண்ணுக்கு வந்திருக்கிறது.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். அதுல உறுதியாச்சுன்னா கட்டியும் இதனாலதான் இருக்கணும், கத்தி வைக்க வேண்டியிருக்காது. வேற காரணம் எதுவும் இல்லன்னும் பார்த்துக்கணும். மாத்திரை இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்."

"பார்வை?" என்றாள் மகள்.

"பெரும்பாலானவங்களுக்குத் திரும்பி வந்துடும். மெதுவா வரும். நடுவுல கொஞ்சம் மங்கலா நின்னாலும் நிக்கலாம். இவர் முன்னாடியே வந்திருக்கணும்."

"பூனையை..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"துரத்த வேண்டாம். கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போய் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போடுங்க. நகத்தை வெட்டுங்க. கீறினா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க. கையில ஏணி கட்டிக் கொடுக்காதீங்க."

*

வேனில் மகள் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் பின்னால், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் கதவு ஒன்றுக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவில் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கணவனிடம்.

"என்னது?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்னு சொன்னா வண்டி ஓட்டறப்ப அடிப்பியா?"

"நிறுத்தினதும் அடிப்பேன்."

"அப்படின்னா தெரியும்."

அவள் பின்னால் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய்விடும். சின்னப் பெண்ணாக இருந்தபோது பேசிய பேச்சு வந்துவிடும்.

"ஏம்ப்பா, நீ கண்ணு தெரியாம எத்தனை நாளா ரோட்டைக் கிராஸ் பண்ணிட்டிருக்க? அந்தப் பொண்ணு சூப்பர் சார்னு சொல்லுது, நீயும் ஜம்முன்னு உட்கார்ந்திருக்க! அம்மாவுக்கு வந்த மாதிரியேன்னு நான் ராத்திரி பகலா செத்துட்டிருக்கேன். உனக்கு ஒரு பூனை பெருசாப் போச்சா?"

"பெருசு இல்லம்மா."

"பின்ன?"

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஃப்ரிட்ஜ் கதவு முழங்காலில் இடித்தது.

"வீட்டுல மூச்சு விடற சத்தம் என்னுது மட்டும்தான் கேட்டுச்சு," என்றார். "ரேடியோ போட்டுப் பார்த்தேன். அது பேசுதே தவிர மூச்சு விட மாட்டேங்குது."

மாப்பிள்ளை வேனின் வேகத்தைக் குறைத்தார்.

"அதுமட்டுமில்ல. சந்துல ஒரு பூனை சினையா இருந்துச்சு. உங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டா. குட்டி போட்டா ஒண்ணை நாம வச்சுக்கலாமா, நம்ம பொண்ணுதான் இப்ப இங்க இல்லையேன்னு. நான் உம்னேன். சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. வெறும் உம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க நேரம் இல்லாமப் போச்சு. அந்தப் பூனை போட்ட குட்டிதான் இது."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "குட்டி என்ன கலர்?" என்றாள்.

"சாம்பல்," என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "வால் நுனி மட்டும் வெள்ளை. பார்க்கிறப்ப அச்சு அசல் உங்கம்மா..."

"நீங்க ரோட்டைப் பாருங்க."

*

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் ஷாலை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். திரித்த நுனி காதுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"நான் உள்ள வர மாட்டேன். வாசல்லேர்ந்து பார்ப்பேன். தூக்கிக் காட்டுங்க."

'நீங்க' திரும்பி வந்திருந்தது. கண்ணாடிக்காரருக்கு அது மாத்திரையின் முதல் வேளை மாதிரி இருந்தது.

பின்னறைக் கதவைத் திறந்தார். குனிந்து கூப்பிட்டார். காலில் எதுவும் ஏறவில்லை. சட்டையைப் பிடித்து எதுவும் தொங்கவில்லை. மனைவியின் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் முகத்தில் காற்று பட்டது.

கையை நீட்டி ஜன்னலைத் தொட்டார். கொக்கி வளையத்துக்குள் விழவே இல்லை. பக்கத்தில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடிக்கத் தெரியாத கண்ணுக்குக் கொக்கியை மட்டும் மாட்டத் தெரியுமா?

"மாப்பிள்ளை..."

அந்தக் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை சந்துக்கு ஓடினார். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார், வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "சின்ன அத்தை! சின்ன அத்தை!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

கண்ணாடிக்காரர் சந்தின் நடுவில் நின்றார். சொட்டு மருந்தின் வேகம் இன்னும் தீரவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் மீறி வெயில் இரண்டு கண்ணுக்குள்ளும் அப்படியே கொட்டியது. சுவர் எது, தரை எது என்று தெரியாத வெள்ளை. இதில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்றை எங்கே தேடுவது? தெருமுனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மகள் மூக்கிலிருந்து ஷாலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா. உனக்கு ஆகாது. நீ வேன்ல உட்காரு."

அவள் நாக்கை அண்ணத்தில் தட்டி இரண்டு தடவை ஒலி எழுப்பினாள். பிறகு கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான்.

"வந்துரு... வந்துரு ராசா... யாரும் இல்ல, வந்துரு..."

கண்ணாடிக்காரர் அசையாமல் நின்றார். அந்த இரண்டு தட்டல், அந்த 'வந்துரு', இரண்டாவது தடவை கொஞ்சம் இழுத்துச் சொல்கிற அந்த இழுப்பு. மனைவி கொல்லைக் கதவைத் திறந்து, உடைந்த தட்டில் பாலை ஊற்றி, கூப்பிட்டது அப்படித்தான். குழந்தைக்குத் தெரியக் கூடாது என்று கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். அவர் காவல் நிற்பார். அவள் போன பிறகு அந்தச் சத்தம் இந்தச் சந்தில் கேட்டதில்லை. அவருக்கு அதைச் செய்யத் தெரியாது.

"உனக்கு எப்படிம்மா இது..."

"என் ரூம் ஜன்னல் இந்தப் பக்கம்தானேப்பா. தினமும் கேட்கும். நான் தூங்கிட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுக்குவீங்க."

"நீ கேட்கவே இல்லையே."

"கேட்டா அம்மா நிறுத்திடுவாங்க."

அவள் இருமினாள். முதலில் ஒரு தடவை. பிறகு இரண்டு. மூச்சின் அடியில் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. எத்தனையோ ராத்திரி அவரும் மனைவியும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்ட விசில்.

"போதும்மா. இழுப்பு பம்ப் எங்க? மாப்பிள்ளை, இவ பை..."

"சும்மா இருங்கப்பா. பேசினா அது வராது."

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டார். திறந்து வைத்துக்கொண்டிருந்து பயன் எதுவும் இல்லை. மாப்பிள்ளை எங்கோ பையைக் குடைந்துகொண்டிருந்தார். தெருமுனை லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. பக்கத்தில் மகள் விசிலோடு மூச்சை இழுத்து, நாக்கைத் தட்டி, அம்மாவின் குரலில் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.